பக்கத்து விடுதியின் பெயர் எங்கள் நினைவகத்தில் எப்படி வந்தது?

கேள்வி: திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள உப்புவெளியில் ஒரு சிறு நிறுவனத்தில் மென்பொருள் பொறியியலாளராக இருக்கிறேன். கடற்கரை விடுதிகளுக்கு வைஃபை பெட்டிகள் செய்து கொடுக்கிறோம். ஏஆர்எம் சிப் கொண்ட சிறிய போர்டு, அதில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வயர்லெஸ் கார்டு ஒன்று, மேலே லினக்ஸ். கார்டைச் செய்தவர்கள் தந்த டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருள்) நாங்களும் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். மே மாதம் சீசன் தொடங்கியதிலிருந்து விடுதிகளில் உள்ள பெட்டிகள் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பிழையோடு விழுகின்றன. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்: ஒரு நாள் கோப்பு முறைமையில், ஒரு நாள் நெட்வொர்க்கைக் கவனிக்கும் டிசிபியில், ஒரு நாள் நினைவகத்தை விடுவிக்கும் இடத்தில். அலுவலக மேசையில் வாரக்கணக்கில் ஓடினாலும் விழுவதில்லை. டிரைவரில் செய்தி அச்சிடும் வரிகளைச் சேர்த்தால் விடுதியிலும் விழுவதில்லை! உப்புக் காற்றும் கச்சான் காற்றின் வெக்கையும் ரேமைக் கெடுத்துவிட்டன என்கிறார் முதலாளி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் ராடார் என்கிறார் கூட வேலை செய்பவர். போர்டுகளை மாற்றியும் பயனில்லை. நினைவகப் பிழைகளைத் தேடும் கேசான் கருவியையும் ஓட்டிப் பார்த்தேன், அது ஒன்றும் சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்குவது? கடைசியாக விழுந்தபோது கிடைத்த நினைவகப் பதிவில் பக்கத்து விடுதியின் வைஃபை பெயர் தெரிந்தது. அது தற்செயல் என்று நினைக்கிறேன்.
— வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரியைக் கடைசியில் வைத்து, அதைத் தற்செயல் என்றும் சொல்லிவிட்டீர்கள். அங்கிருந்துதான் நாம் தொடங்கப் போகிறோம். பக்கத்து விடுதியின் பெயரை உங்கள் பெட்டியில் யாரும் தட்டெழுதவில்லை. அது காற்றில் வந்தது. காற்றில் வருவதை நினைவகத்தில் எழுதக்கூடியது அந்தப் பெட்டியில் ஒன்றே ஒன்று, வயர்லெஸ் கார்டு. எழுதக்கூடாத இடத்தில் கார்டு எழுதியிருக்கிறது. இனி நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது, அது எப்போது எழுதியது, அந்த இடத்தின் முகவரி அதன் கையில் ஏன் இருந்தது என்பதை மட்டுமே.

அதற்கு முன் முதலாளியின் சந்தேகத்தையும் நண்பரின் சந்தேகத்தையும் மரியாதையோடு ஒதுக்கி வைப்போம். இரண்டுமே நியாயமான சந்தேகங்கள்தான், ஆனால் சான்றோடு பொருந்தவில்லை. ரேம் கெட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு பிட்டுகள் மாறும், அதுவும் திரும்பத் திரும்ப அதே பௌதிக முகவரியில். உங்கள் பதிவில் இருப்பதோ வரிசையாகப் பல பைட்டுகள், நடுவில் வாசிக்கக்கூடிய ஒரு பெயர். கெட்ட ரேம் பெயர் எழுதாது. ராடாரைப் பொறுத்தவரை, கப்பல்களின் வழிகாட்டு ராடார்கள் ஏறத்தாழ 3 கிகாஹெர்ட்ஸிலும் 9.4 கிகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. உங்கள் கார்டு 2.4 இலும் 5 இலும் கேட்கிறது. அப்படியே ஏதாவது இரைச்சல் புகுந்து ஒரு ஃபிரேமை (வைஃபையில் தரவு வரும் ஒரு பொட்டலம்) சிதைத்தாலும், ஒவ்வொரு ஃபிரேமின் வாலிலும் இருக்கும் 32 பிட் சரிபார்ப்பு எண் பொருந்தாமல் அது தள்ளுபடியாகிவிடும். இரைச்சலால் நேரடியாக நினைவகத்தைக் கெடுக்க முடியாது. கார்டை அடிக்கடி ரீசெட் செய்ய வைக்க மட்டும் முடியும். இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

கார்டு எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றில் வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் பிராசசர் கையால் எடுத்து வைப்பதில்லை. டிரைவர் முன்கூட்டியே நினைவகத்தில் சில நூறு பஃபர்களை (தரவு வந்து இறங்கும் இடங்கள்) ஒதுக்கி, அவற்றின் முகவரிகளை ஒரு வளையப் பட்டியலாகக் கார்டிடம் கொடுத்துவிடும். ஃபிரேம் வந்ததும் கார்டு, பிராசசரைக் கேட்காமலே, பட்டியலில் அடுத்த முகவரியில் எழுதிவிட்டு, பிராசசரைக் கவனிக்கச் சொல்லி ஓர் இன்டரப்ட் அனுப்பும். இதுதான் டிஎம்ஏ. விடுதி நடத்துபவர்களுக்குப் புரியும்படி சொன்னால், அறையைக் காலி செய்த விருந்தாளியிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்காமல், அதே அறையை அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது போன்ற நிலை உங்களுடையது. பழைய விருந்தாளி இரவில் வந்து தன் பெட்டிகளை உள்ளே இறக்கிவிட்டுப் போகிறார். சத்தம் போடுவது புதிய குடும்பம். அதனால்தான் விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. கோப்பு முறைமையும் டிசிபியும் அந்தப் புதிய குடும்பங்கள், குற்றமற்றவர்கள். அவற்றின் நிரல்களை எவ்வளவு நேரம் வாசித்தாலும் ஒன்றும் கிடைக்காது.

கேசான் ஏன் மௌனமாக இருந்தது என்பதற்கும் இதுவே காரணம். கேசான் கம்பைலரின் உதவியோடு, பிராசசர் செய்யும் ஒவ்வொரு வாசிப்பையும் எழுதுதலையும் சரிபார்க்கிறது. 8 பைட்டுக்கு 1 பைட் என்று நிழல் நினைவகம் வைத்துக் கணக்குப் பார்க்கிறது. அருமையான கருவி, 2015 இல் லினக்ஸ் 4.0 இல் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ பிழைகளைப் பிடித்துத் தந்திருக்கிறது. ஆனால் கார்டு எழுதுவது பிராசசர் வழியாகப் போவதில்லை, அதனால் அது கேசானின் கண்ணில் படாது. வயர்லெஸ் டிரைவரில் நினைவகம் கெடுகிறது, கேசான் சுத்தம் என்கிறது என்றால், டிரைவர் நிரபராதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிராசசரின் கை அதில் இல்லை, கார்டின் கையைப் பாருங்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மௌனமான கேசான் ஒரு நல்ல சாட்சி.

இனி அந்தப் பதிவை மீண்டும் திறந்து, பெயருக்கு முன்னால் உள்ள பைட்டுகளைப் பாருங்கள். வைஃபை நிலையங்கள் தங்கள் இருப்பை அறிவிக்கும் பீக்கன் ஃபிரேமின் வடிவம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஹெக்ஸ் எண்ணில் முதல் இரண்டு பைட்டுகள் 80 00. அடுத்த இரண்டு கால அளவு, பெரும்பாலும் 00 00. அதன்பின் ஆறு பைட்டுகள் தொடர்ந்து எஃப்எஃப், எல்லோருக்கும் என்று பொருள். அடுத்த ஆறு அனுப்பியவரின் முகவரி, மறுபடி ஆறு பைட்டுகளில் நிலையத்தின் அடையாளம்; பீக்கனில் இரண்டும் பொதுவாக ஒன்றாகவே இருக்கும். பிறகு வரிசை எண்ணுக்கு இரண்டு. ஆக 24 பைட் தலைப்பு. அதைத் தொடர்ந்து 8 பைட் நேர முத்திரை, 2 பைட் இடைவெளி, 2 பைட் திறன் விவரம். இடைவெளி பெரும்பாலும் 64 00 என்று இருக்கும். அதாவது 100 அலகு, ஓர் அலகு 1024 மைக்ரோசெகண்ட், மொத்தம் 102.4 மில்லிசெகண்ட். அதற்குப் பிறகு 00, பெயரின் நீளம், பெயர். 80 00 தொடங்கும் இடத்திலிருந்து 38 பைட் தள்ளிப் பெயர் தொடங்கினால் சந்தேகத்துக்கே இடமில்லை, உங்கள் கையில் இருப்பது முழுமையான பீக்கன். சில கார்டுகள் ஃபிரேமுக்கு முன்னால் தங்கள் நிலைக் குறிப்பைச் சில பத்து பைட்டுகளுக்கு எழுதும். ஆகவே 80 00 பஃபரின் முதல் பைட்டிலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பீக்கனை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது எப்போது எழுதப்பட்டது என்பதையும் அது சுமந்து வருகிறது. அந்த 8 பைட் நேர முத்திரை, அனுப்பிய நிலையத்தின் கடிகாரம் மைக்ரோசெகண்டில் காட்டும் எண். குறைந்த மதிப்புள்ள பைட் முதலில் வரும், வாசிக்கும்போது திருப்பிப் போடுங்கள். இப்போது ஒரு மடிக்கணினியைப் பெட்டிக்கு அருகில் வைத்து, அதே சேனலில் மானிட்டர் முறையில் (காற்றில் வரும் எல்லா ஃபிரேமையும் கேட்கும் முறை) எல்லாப் பீக்கன்களையும் பதிவு செய்யுங்கள். மடிக்கணினியின் கடிகாரத்தையும் பெட்டியின் கடிகாரத்தையும் ஒரே நேரச் சேவையகத்தோடு ஒத்திசைத்துக்கொள்ளுங்கள். பெட்டி விழுந்ததும், நினைவகத்தில் கிடைத்த பீக்கனின் நேர முத்திரையையும் வரிசை எண்ணையும் மடிக்கணினிப் பதிவில் தேடுங்கள். அதே ஃபிரேம் அங்கே இருந்தால், உங்கள் நினைவகத்தில் அது எழுதப்பட்ட கணம் மில்லிசெகண்ட் அளவில் தெரிந்துவிடும். அந்தக் கணத்தில் உங்கள் டிரைவர் என்ன செய்துகொண்டிருந்தது என்று பெட்டியின் பதிவைப் பாருங்கள். சேனல் மாற்றமா? ஸ்கேனா? ரீசெட்டா? இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும் என்று நான் உறுதியாக எதிர்பார்க்கிறேன்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பீக்கனில் இன்னொரு தடயமும் உண்டு. பெயருக்கும் வேகப் பட்டியலுக்கும் பிறகு 03 01 என்று வரும், அடுத்த பைட் அந்த நிலையத்தின் சேனல் எண். அது உங்கள் பெட்டி வழக்கமாக இருக்கும் சேனலிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தால், கார்டு அப்போது பின்னணி ஸ்கேனுக்காக வேறு சேனலுக்குப் போயிருந்தது என்று பொருள். பக்கத்துச் சேனலின் கசிவும் கேட்கும் என்பதால் ஒன்றிரண்டு சேனல் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எல்லா முறையும் இவ்வளவு தெளிவான பதிவு கிடைக்காது. ஆகவே நினைவகத்தையே சாட்சி சொல்ல வைக்க வேண்டும். கர்னல் சிறு நினைவகத் துண்டுகளை ஒதுக்கித் தரும் பகுதிக்கு ஸ்லப் என்று பெயர். கர்னலைத் தொடங்கும்போது ஸ்லப் டீபக் வசதியை எஃப், இசட், பி, யூ என்ற நான்கு எழுத்துகளோடு இயக்குங்கள். முதல் எழுத்து உள்கட்டமைப்பைச் சரிபார்க்கும். இரண்டாவது, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சிவப்பு எல்லை போடும். மூன்றாவது, விடுவித்த துண்டை 6பி என்ற பைட்டால் நிரப்பும், கடைசிப் பைட் மட்டும் ஏ5. நான்காவது, யார் ஒதுக்கினார்கள், யார் விடுவித்தார்கள் என்று குறித்து வைக்கும். விடுவித்த துண்டில் 6பி இருக்க வேண்டிய இடத்தில் 80 இருந்தால், அந்தத் துண்டை அடுத்து ஒதுக்கும்போது கர்னல் அதைச் சொல்லிவிடும், கடைசியாக விடுவித்தது எந்த ஃபங்ஷன் என்பதையும் சேர்த்து. அடுத்த ஒதுக்கீடு வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. சிஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஸ்லப் அடைவுக்குள் ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் ‘வேலிடேட்’ என்றொரு கோப்பு உண்டு. சில விநாடிகளுக்கு ஒரு முறை அதில் 1 எழுதும் சிறு ஸ்கிரிப்டை ஓடவிட்டால், கெட்ட நேரத்தைச் சில விநாடிகளுக்குள் சுருக்கிவிடலாம்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நெட்வொர்க் பஃபர்கள் எப்போதும் ஸ்லப்பிலிருந்து வருவதில்லை. பல டிரைவர்கள் பெறும் பஃபர்கள், முழுப் பக்கத்தை (கர்னல் நினைவகத்தைப் பிரித்து வைத்திருக்கும் அடிப்படை அளவு) துண்டு போட்டு எடுத்தவை. அவை விடுபடும்போது பக்கமாகவே திரும்பிப் போகும், ஸ்லப் டீபக் அவற்றைத் தொடாது. அதற்குப் பக்க நஞ்சூட்டல் என்ற தனி வசதி கர்னலில் உண்டு. அது விடுவித்த பக்கங்களை ஏஏ என்ற பைட்டால் நிரப்பும். இரண்டையும் சேர்த்தே இயக்குங்கள். ஒன்றை மட்டும் இயக்கி, ஒன்றும் அகப்படவில்லை என்று வீடு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிச் சேகரிக்கும் பதிவுகளில் எல்லாமே பீக்கனாக இருக்காது, ஆகவே மற்ற வகைகளையும் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும் துண்டின் சிவப்பு எல்லையில் ஒரு ஃபிரேமின் வால் பகுதி கிடந்தால், கார்டு சரியான இடத்தில் தொடங்கி எல்லை தாண்டி எழுதியிருக்கிறது. அப்போது பஃபரின் அளவைப் பாருங்கள். 802.11என் தரத்தில் பல பாக்கெட்டுகளை ஒன்றுசேர்த்த ஃபிரேமான ஏ-எம்எஸ்டியூ 3839 அல்லது 7935 பைட் வரை போகலாம். உங்கள் டிரைவர் பெரியதை ஏற்பதாக அறிவித்துவிட்டுச் சிறிய பஃபர் கொடுத்திருக்கலாம். லினக்ஸில் பாக்கெட்டின் தரவுக்கு நேர் பின்னால் அந்தப் பாக்கெட்டின் பங்கீட்டுத் தகவல் அமர்ந்திருக்கும். அதன்மேல் எழுதினால் பாக்கெட்டை விடுவிக்கும் இடத்தில் விழும். நீங்கள் சொல்லும் மூன்றாவது வகை விழுகையும் அங்கேதான் என்பதால், அதை மட்டும் ஒரு முறை தனியாகச் சரிபாருங்கள். விழுந்த முகவரியே 6பி6பி6பி6பி என்று இருந்தால், விடுவித்த துண்டைப் பிராசசர் வாசித்திருக்கிறது. டைமரோ வேலை வரிசையோ நிறுத்தப்படாமல் இருக்கும், அதைக் கேசான் பிடித்துத் தரும். கெட்ட பகுதி 64 பைட் எல்லையில் தொடங்கி 64 பைட்டில் முடிந்து, உள்ளே அதே இடத்தின் பழைய மதிப்பு இருந்தால் அது கேஷ் (பிராசசர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) சிக்கல். கார்டு எழுதும் பஃபரும் வேறொரு மாறியும் ஒரே கேஷ் வரியைப் பகிர்கின்றன என்று பொருள். மேசைக் கணினியில் இது தெரியாது, ஏஆர்எம் போர்டுகளில்தான் தலைகாட்டும்.

உங்கள் பிழைக்கு வருவோம். நீங்கள் சொன்ன மூன்று விசித்திரங்களும் ஒரே காரணத்தால் விளங்குகின்றன, அதனால்தான் நான் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

சேனல் மாற்றும்போதும் ரீசெட் செய்யும்போதும் டிரைவர் கார்டிடம், பெறுவதை நிறுத்து என்கிறது. கார்டு உடனே நிற்பதில்லை. பாதி எழுதிய ஃபிரேமை முடிக்கும், சில நேரம் சொன்னதைக் கேட்காமலும் இருக்கும். நின்றுவிட்டதா என்று கார்டின் நிலையைக் காட்டும் ரெஜிஸ்டரைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் டிரைவர் அதைப் படிக்காமல், அல்லது படித்தும் விடையைப் புறக்கணித்து, பஃபர்களை விடுவிக்கிறது என்று வையுங்கள். விடுவித்த பிறகும் கார்டு எழுதக்கூடிய இடைவெளி 10 மில்லிசெகண்ட் என்றும் வையுங்கள். அலுவலகத்தில் அந்தச் சேனலில் இரண்டு நிலையங்கள் இருந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 20 பீக்கன்கள், 10 மில்லிசெகண்டுக்குள் ஒரு பீக்கன் வருவதற்கே வாய்ப்பு ஐந்தில் ஒன்று. அது எழுதப்படும் இடமும் வெற்றிடமாக இருந்தால் யாருக்கும் தெரியாது. ஜூலை மாதத்து உப்புவெளிக் கடற்கரையில் ஒரே சேனலில் 30 பெயர்கள் கேட்டால் விநாடிக்கு 300, அதே இடைவெளியில் சராசரியாக மூன்று. அதோடு விருந்தாளிகளின் கைப்பேசிகள் ஓயாமல் நிலையம் தேடி அனுப்பும் ஃபிரேம்கள் வேறு. நெரிசலால் ரீசெட்டும் அதிகம், வேலை அதிகம் என்பதால் விடுவித்த நினைவகமும் உடனே வேறு கைக்குப் போகிறது. சீசனில் மட்டும் விழுவதற்கு வெக்கை காரணமில்லை. காற்றலை நெரிசல் காரணம்.

அச்சிடும் வரி சேர்த்ததும் பிழை மறைவது? உங்கள் பெட்டியின் கன்சோல் சீரியல் போர்ட் என்றால் அதன் வேகம் பெரும்பாலும் 115200 பாட். ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம் விநாடிக்கு 11520 எழுத்துகள். 80 எழுத்துள்ள ஒரு வரி போய்ச் சேர ஏறத்தாழ 7 மில்லிசெகண்ட். நிறுத்தச் சொன்ன இடத்துக்கும் விடுவிக்கும் இடத்துக்கும் நடுவில் நீங்கள் ஒரு வரி அச்சிட்டால், கார்டு உண்மையாகவே நிற்பதற்கு 7 மில்லிசெகண்ட் அவகாசம் கொடுத்துவிட்டீர்கள். அந்த வரிகளை அப்படியே வைத்துப் பெட்டிகளை அனுப்பிவிடலாமா என்ற எண்ணம் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு நாள் யாரோ கன்சோலை அணைப்பார்கள், பிழை திரும்ப வரும், அப்போது இந்தக் கடிதமும் பதிவுகளும் உங்கள் கையில் இருக்காது.

இது உங்கள் டிரைவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஏத்தெரோஸ் வயர்லெஸ் கார்டுகளுக்கான லினக்ஸின் ஏடிஎச்9கே டிரைவரில், பெறுவதை நிறுத்த முடியவில்லை, மீண்டும் தொடங்கும்போது டிஎம்ஏ குழம்பக்கூடும் என்று எச்சரிக்கும் செய்தியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சில ஆப்பிள் மேக் கணினிகளில் இதைவிட விநோதமானது நடந்தது. இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே இஎஃப்ஐ மென்பொருள் பிராட்காம் வயர்லெஸ் கார்டை இயக்கிவிட்டு, அணைக்காமல் விட்டது. லினக்ஸ் ஏறிய பிறகும் கார்டு காற்றில் கேட்டதையெல்லாம் பழைய முகவரிகளில் எழுதிக்கொண்டிருந்தது. 2016 இல் கர்னல் தொடக்கத்திலேயே அந்தக் கார்டை ரீசெட் செய்யும் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. ஆகவே உங்கள் பெட்டி மின்சாரத்தை நிறுத்தாமல் மறுதொடக்கம் செய்த சில விநாடிகளுக்குள் விழுந்திருந்தால், அந்தப் பக்கமும் ஒரு பார்வை வையுங்கள்.

இப்போது நிரூபிக்கும் வேலை. முதலில் அலுவலகத்திலேயே உப்புவெளிக் கடற்கரையை உண்டாக்குங்கள். பழைய ரவுட்டர்கள் இரண்டு மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் வைஃபை நிலையத்தை இயக்கும் ஹோஸ்ட்ஏபிடி நிரல் மூலம் பல பெயர்களை இயக்கி, பீக்கன் இடைவெளியை 100 இலிருந்து 15 ஆகக் குறையுங்கள். ஒரு பெயரே விநாடிக்கு 65 பீக்கன் அனுப்பும். எல்லாவற்றையும் உங்கள் பெட்டி இருக்கும் சேனலில் வையுங்கள். பெட்டியில் ஸ்கேனைத் தொடர் சுழற்சியில் ஓடவிடுங்கள், இடையிடையே இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றுங்கள். கர்னலுக்குக் குறைந்த நினைவகத்தைக் கொடுத்துத் தொடங்கினால், விடுவித்த துண்டுகள் விரைவாகக் கைமாறும், பிழையும் விரைவாக வெளிப்படும். வாரக்கணக்கில் வராத பிழை மணிக்கணக்கில் வந்தால் பாதி வேலை முடிந்தது. பிழையை வரவழைக்கத் தெரியாமல் திருத்தம் எழுதத் தொடங்காதீர்கள். திருத்தம் வேலை செய்ததா, பிழை வெறுமனே ஒளிந்ததா என்று உங்களால் சொல்ல முடியாமல் போகும்.

பிழை வரத் தொடங்கியதும் ஒரு சிறு மாற்றம் செய்து பாருங்கள். எந்த பிசிஐ சாதனத்திலும் கட்டளை ரெஜிஸ்டரின் 2ஆம் பிட், பஸ் மாஸ்டர் அனுமதி. அதை அணைத்தால் கார்டால் நினைவகத்தை எட்டவே முடியாது. டிரைவர் பஃபர்களை விடுவிப்பதற்குச் சற்று முன் அந்த பிட்டை அணையுங்கள். அணைத்ததும் பிழை முற்றாக நின்றால், விடுவித்த பிறகு கார்டு எழுதுகிறது என்பது உறுதி. அந்த பிட்டை அணைப்பதற்குச் சில மைக்ரோசெகண்ட்தான் ஆகும் என்பதால், அச்சிடும் வரியைப் போல நேரத்தைத் தள்ளிப்போட்டு ஏமாற்றாது.

வசதி இருந்தால் இன்னும் வலுவான வழி ஒன்று உண்டு. அதே கார்டை அடாப்டர் மூலம் ஐஓஎம்எம்யூ உள்ள மேசைக் கணினியில் பொருத்துங்கள். இன்டெலில் அதன் பெயர் விடி-டி. அங்கே கார்டு தொடும் ஒவ்வொரு முகவரியும் அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடப்படும். பஃபரை டிரைவர் அன்மேப் செய்த பிறகு, அதாவது அந்த அனுமதியை நீக்கிய பிறகு, கார்டு எழுத முயன்றால், அது எழுதுவதற்கு முன்பே தடுக்கப்பட்டு, எந்தச் சாதனம், எந்த முகவரி என்று கர்னல் பதிவில் வரும். ஸ்ட்ரிக்ட் முறையில் இயக்க மறக்காதீர்கள். இயல்பான சோம்பல் முறையில் அனுமதியை நீக்குவது சில மில்லிசெகண்ட் தள்ளிப்போகும், நீங்கள் பிடிக்க நினைக்கும் இடைவெளியும் அதே அளவுதான். கூடவே டிஎம்ஏ ஏபிஐ டீபக் வசதியையும் கர்னலில் சேர்த்துக் கட்டுங்கள். மேப் செய்ததை அன்மேப் செய்யாமல் விடுவது, அளவு மாற்றிச் சொல்வது போன்ற டிரைவரின் கணக்குப் பிழைகளை அது வரிசையாகச் சொல்லும்.

திருத்தம் பற்றி. வரிசை இதுதான்: இன்டரப்ட்டை நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் கையாளல் முடியும் வரை காத்திருந்து, கார்டைப் பெறுவதை நிறுத்தச் சொல்லி, நின்றுவிட்டது என்று ரெஜிஸ்டர் உறுதி செய்த பிறகே அன்மேப் செய்து, அதன்பின் விடுவிக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் நிற்கவில்லை என்றால் சிப்பையே ரீசெட் செய்யுங்கள், அதுவும் தோற்றால் பஸ் மாஸ்டரை அணையுங்கள். நீங்கள் செய்த மாற்றங்களையும் ஒரு முறை நேர்மையாகப் பாருங்கள். ரீசெட் பிராசசரின் ஒரு கோரில் வேலை வரிசையிலிருந்தும், ஸ்கேன் இன்னொரு கோரில் லினக்ஸின் வைஃபை அடுக்கான மேக்80211 இலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டுமே பெறும் வளையத்தை மாற்றியமைக்கின்றனவா? அப்படியானால் ஒருவர் நிறுத்தியதை மற்றவர் தொடங்கிவிடுவார். இரண்டு பாதைகளையும் ஒரே பூட்டின் கீழ் கொண்டுவர வேண்டும்.

முழுத் திருத்தம் தயாராகும் வரை விடுதிகளில் உள்ள பெட்டிகளுக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதலாளி கேட்பார். பின்னணி ஸ்கேனையும் தானியங்கிச் சேனல் தேர்வையும் நிறுத்தி, சேனலை நிலையாக வையுங்கள். விழுகை பெரிதும் குறையும். அதோடு, கார்டு நிற்கவில்லை என்று தெரிந்தால் அந்தப் பஃபர்களை விடுவிக்காமல் அப்படியே கைவிடும்படி டிரைவரை மாற்றுங்கள். 512 பஃபர், ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் ஒரு முறைக்கு 2 மெகாபைட் வீணாகும். நினைவகம் வீணாவதைக் கண்டு மனம் கூசும்தான், ஆனால் நினைவகம் குறைந்த பெட்டியை இரவில் ஒரு முறை மறுதொடக்கம் செய்துகொள்ளலாம். தவறான இடத்தில் எழுதப்பட்ட தரவு அப்படியல்ல. அது கோப்பு முறைமையின் தற்காலிகப் பக்கத்தில் விழுந்திருந்தால், டிஸ்க் வரை போய்விடும். இதுவரை விழுந்த பெட்டிகளின் சேமிப்பைச் சரியானது என்று நம்பாதீர்கள். கோப்பு முறைமையை முழுமையாகச் சரிபார்த்து, சிஸ்டம் இமேஜை மறுபடி எழுதுங்கள். விடுதியின் முன்பதிவு விவரமோ பில்லோ அந்தப் பெட்டிகளில் இருந்தால், உரிமையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் காகிதப் பிரதியோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

கார்டைச் செய்தவர்களுக்கு எழுதும்போது பீக்கன் இருக்கும் பதிவை மட்டும் அனுப்புங்கள். முழு நினைவகப் பதிவை அனுப்ப வேண்டாம். பல கார்டுகள் மறைகுறியீட்டைத் தாமே அவிழ்த்த பிறகுதான் ஃபிரேமை நினைவகத்தில் எழுதுகின்றன. அந்தப் பதிவுக்குள் விருந்தாளி ஒருவரின் தனிப்பட்ட செய்தி வெறும் எழுத்தாகக் கிடக்கலாம். பக்கத்து விடுதியின் பெயரையும் முகவரிப் பைட்டுகளையும் மறைத்துவிடுங்கள், நேர முத்திரையையும் வரிசை எண்ணையும் விட்டுவையுங்கள். ‘விடுவித்த நேரம் இது, எழுதப்பட்ட நேரம் இது, நடுவில் இத்தனை மில்லிசெகண்ட்’ என்ற ஒரு வரியை மேலே எழுதுங்கள். அந்த வரி இருந்தால் அவர்களால் உங்களை ரேம் மாற்றிப் பார்க்கச் சொல்ல முடியாது.